முள்ளந்தண்டும் மருத்துவர் கையும்



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சிரசின் பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும், அந்தச் சிரசை நிமிர்த்தித் தாங்கி நிற்பது எது என்று ஒரு கணம் சிந்திப்போமானால், பிடரியிலிருந்து இடுப்பின் அடிவரை இறங்கிச் செல்லும் முள்ளந்தண்டின் பெருமையும் நமக்குப் புலனாகும். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, நாரியில் 5 ஆக 24 முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையிடையே மெத்தை வைத்தாற்போல வட்டத்தட்டுக்கள் அமைந்திருக்கின்றன. அடியிலே திருவென்பும் குயிலலகும் பீடமாக நிற்கின்றன. இந்த அடுக்கின் உட்குழாய் வழியேதான் மூளையிலிருந்து கீழிறங்கும் முண்ணாண் செல்கிறது. வளையவும் வேண்டும், ஒடியாமல் நிற்கவும் வேண்டும் என்ற இரண்டு பணிகளையும் ஒருங்கே ஆற்றும் அற்புதமான தூண் அது.

அத்தூண் நன்றாயிருக்கும் வரையில் நாம் அதனை நினைப்பதேயில்லை. ஒருநாட் காலையில் கிணற்றடியில் வாளியைத் தூக்கக் குனியும்பொழுது நாரியிலே சுருக்கென்று ஒரு பிடிப்பு உண்டாகிறது. அன்றுதான் நமக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. இந்த அனுபவம் பெறாதார் நம்முட் சிலரே. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் நாரிநோவினால் வருந்தினர். மனிதரை வேலை செய்யவிடாது முடக்கும் காரணங்களுள் உலகெங்கும் முதலிடம் பெற்று நிற்பது இந்த நோவே.

ஆயின் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாரிநோ அன்று. அந்நோவுக்காக, சிலவேளை நோவே இல்லாத நாளிலும், மேனாடுகளில் மக்கள் ஒருவகை வைத்தியரிடம் மாதந்தவறாமற் செல்கிறார்கள். அஃது ஏன் என்னும் வினாவே என் பொருள். அந்த வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். கையினாற் செய்வது என்னும் கருத்துடைய கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. அதனைக் கைவைத்தியம் என்று மொழிபெயர்த்து விடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கைவைத்தியம் என்றால் நம்மிடையே இஞ்சியும் மல்லியும் இடித்துக் குடிக்கும் வீட்டு மருந்தல்லவா? ஆகையால் அயற்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இந்த வினா எனக்குள் எழுந்த விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன். என் தமையனார் 1986ஆம் ஆண்டிலே கனடாவுக்குச் சென்றவர். ரொறன்ரோ நகரின் கிழக்குப் புறமான ஸ்காபரோவிலே வசிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பண்டகசாலையிலே பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வேலை பார்த்தவர். 2024ஆம் ஆண்டு விடுமுறையின்போது நான் அவரிடம் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு, “தம்பி, முதுகு வைத்தியரிடம் போகிறேன், நீயும் வாவன்” என்றார்.

“ஏன் அண்ணா, நாரி நோகிறதோ?” என்று கேட்டேன்.

“இல்லை. நோகாமல் இருக்கத்தான் போகிறேன்” என்றார்.

மாதம் ஒருமுறையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு போய்வருகிறாராம். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. பசியில்லாதவன் பந்தியிற் குந்துவதும், நோவில்லாதவன் வைத்தியரைத் தேடுவதும் ஒன்றே என்பது என் எண்ணம். அதுவும் கைப்பணம். ஒன்ராறியோ மாகாணத்தின் அரசாங்கச் சுகாதாரக் காப்புறுதி, 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு இந்த வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளின் சாட்டுப்போக்குகளைக் கேட்டுக் கேட்டுச் சந்தேகமே இயல்பாகிவிட்ட ஓர் அதிபரின் மனத்தோடு நான் அவருடன் புறப்பட்டேன்.

அவ்வைத்தியத்தின் வரலாறு சுவையானது. அதனைத் தொடக்கியவர் டானியேல் டேவிட் பால்மர் என்பவர். என் தமையனார் வசிக்கும் ஸ்காபரோவை அடுத்துக் கிழக்கே கிடக்கும் பிக்கரிங் என்னும் இடத்திலே 1845ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று, அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டேவன்போர்ட் நகரிலே, காந்த சக்தியினால் நோய் தீர்ப்பதாகக் கூறித் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிடத்தைத் துப்புரவு செய்யும் ஹார்வி லில்லார்ட் என்பவருக்குக் காது கேளாதிருந்தது. ஒருமுறை குனிந்து வேலை செய்தபொழுது முதுகிலே ஏதோ விலகிய உணர்ச்சி உண்டானதாகவும், அன்று தொட்டே காது மந்தமாயிற்று என்பதாகவும் லில்லார்ட் சொன்னாராம். 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி, பால்மர் அவருடைய முதுகிலே புடைத்து நின்ற ஒரு முள்ளென்பைக் கையால் அழுத்தித் தள்ளினார். உடனே லில்லார்டுக்குக் கேள்வி திரும்பிவிட்டது என்று பால்மர் எழுதிவைத்தார்.

காதுக்குச் செல்லும் கேள்வி நரம்பு முதுகு வழியாகச் செல்வதில்லை. அது மூளையிலிருந்து நேரே காதுக்குச் செல்வது. ஆகவே நடந்ததாகச் சொல்லப்படுவதை உடற்கூற்றியல் அறிந்தோர் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்புவதில்லை. பால்மரோ அந்த ஒரு நிகழ்ச்சியின் மேலே ஒரு முழுக் கோட்பாட்டையே எழுப்பிவிட்டார். முள்ளென்புகள் சிறிது பிசகி நரம்புகளை வருத்துவதே மனிதருக்கு வரும் நோய்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது அவருடைய கோட்பாடு. 1897ஆம் ஆண்டில் டேவன்போர்ட்டிலே ஒரு கல்லூரியும் தோன்றியது. உத்தரவுப் பத்திரமின்றி வைத்தியம் செய்த குற்றத்துக்காக 1906ஆம் ஆண்டிலே அவர் சிறை செல்லவும் நேர்ந்தது. அவருடைய மைந்தர் பி. ஜே. பால்மர் அக்கல்லூரியைப் பெருக்கியதோடு, 1922ஆம் ஆண்டில் ஒரு வானொலி நிலையத்தையும் வாங்கினார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் றேகன் 1932ஆம் ஆண்டிலே விளையாட்டு வருணனையாளராகத் தம் ஒலிபரப்புத் தொழிலைத் தொடங்கியது அந்த நிலையத்திலேதான். வானொலியின் வலிமையை அந்த வைத்தியர்கள் அவ்வளவு முன்னதாகவே அறிந்திருந்தார்கள்.

இந்த வைத்தியர்களுக்கு முதன்முதலிற் சட்ட அங்கீகாரம் அளித்தது கன்சாஸ் மாநிலம், 1913ஆம் ஆண்டில். கடைசியாக அளித்தது லூசியானா, 1974ஆம் ஆண்டில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் பூசல்தான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963ஆம் ஆண்டிலே போலி வைத்தியத்தை ஒழிப்பதற்கென ஒரு குழு அமைத்து, இவர்களோடு எந்த மருத்துவரும் தொழில் தொடர்பு வைத்தலாகாது என்று பகிஷ்கரித்தது. ஐந்து கைரோபிராக்டிக் வைத்தியர்கள் 1976ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பகிஷ்கரிப்புச் சட்டவிரோதமானது என்று 1987ஆம் ஆண்டிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒன்றை மட்டும் நாம் கவனித்தல் வேண்டும். தொழிற் போட்டியில் ஒருவரை ஒருவர் நசுக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு. பால்மரின் கோட்பாடு மெய்யென்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அதனை முடிவு செய்ய வேண்டிய இடம் நீதிமன்றமும் அன்று.

இனித் தமையனாரோடு நான் சென்ற அறைக்கு வருவோம். முகத்தை வைத்துக் குப்புறப் படுப்பதற்கு ஏற்றபடி தலைமாட்டிலே பிளவுள்ள ஒரு நீண்ட மேசை. வைத்தியர் நடுத்தர வயதினர். தமையனாரைக் கதிரையில் இருத்தி, உறக்கம் எப்படி, படியேறும்பொழுது கால் விறைக்கிறதா, பனியை வாரி ஒதுக்கும் வேலையை இப்பொழுது யார் செய்கிறார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்தார். அதற்கே பத்து நிமிடம் சென்றது. பின்னர் மேசையிற் படுக்கவைத்து, முள்ளந்தண்டின் இருமருங்கையும் விரல்களால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்துச் சடுதியாக ஓர் அழுத்து அழுத்தினார். சடக்கென்று ஓர் ஒலி எழுந்தது. தமையனார் பெருமூச்சு விட்டார்.

அந்த ஒலியைக் கேட்பவர், விலகிய எலும்பு தன் இடத்திலே போய்ப் பொருந்திவிட்டது என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. மூட்டுக்களின் உள்ளே வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்பொழுது அத்திரவத்தினுள்ளே ஒரு வாயுக்குழி உண்டாகிறது. கனடாவிலுள்ள அல்பேட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விரல் மூட்டை இழுத்துச் சொடுக்கும்பொழுது உள்ளே நிகழ்வதைக் காந்த அதிர்வுப் படக்கருவியினாற் படம்பிடித்து, 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அக்குழி உண்டாகும் கணத்திலேயே ஒலி எழுவதை அவர்கள் கண்டார்கள். நாம் விரலைச் சொடுக்கும்பொழுது கேட்பதும் அதே ஒலிதான். எலும்பு இடம் மாறுவதன் அடையாளம் அன்று. இவ்வாறு மூட்டை அசைப்பதனால் தசைகளின் இறுக்கம் தற்காலிகமாகத் தளர்வதும், நோ சிறிது தணிவதும் உண்டு. அவ்வளவே.

அவ்வளவே என்றால், மக்கள் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள்? நான் படித்ததும் கேட்டதும் கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறேன்.

முதலாவது காரணம் நோவின் இயல்பு. நாரிநோ பெரும்பாலும் ஒருமுறை வந்து ஒழிந்துபோவதன்று. சில கிழமைகளில் தானாகவே தணிந்து, சில மாதங்களின் பின் மீண்டும் தலைகாட்டுவது. அத்தகைய நோவை எதிர்பார்த்திருப்பதே ஒரு வேதனை. ஆகவே வருமுன் காக்க விரும்புகிறார்கள். இது வெறும் நம்பிக்கைதானா என்று சுவீடன் நாட்டிலே ஒரு சோதனை நடத்தி, 2018ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி நாரிநோவால் வருந்தி, இவ்வைத்தியத்தினால் முதலிலே குணம் கண்ட 328 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் வைத்தியரிடம் சென்றனர். மற்றப் பிரிவினர் நோ வந்தபொழுது மட்டும் சென்றனர். ஓராண்டு முடிவிலே, ஒழுங்காகச் சென்றவர்களுக்கு நோவினால் வருந்திய நாட்கள் ஏறக்குறைய 13 குறைந்திருந்தன. அவர்கள் மற்றவர்களைவிட மேலதிகமாகச் சென்றதும் சராசரி இரண்டு தடவைக்குக் குறைவே.

ஆண்டுக்குப் பதின்மூன்று நாள் என்பது பெரிதா, சிறிதா? கூலிவேலை செய்பவனுக்கு அஃது இரு கிழமைச் சம்பளம். சிறிதென்று தள்ளிவிட இயலாது. ஆயினும் அற்புதம் என்று கொண்டாடவும் இயலாது. அதே ஆராய்ச்சியாளர்கள் பின்னர் நுணுகிப் பார்த்தபொழுது, நோவினால் மனஞ்சோர்ந்து வாழ்க்கையே முடங்கியிருந்தவர்களுக்கே பயன் மிகுந்திருக்கக் கண்டார்கள். நோவைத் தாமே சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒழுங்கான வருகையாற் பயன் காணப்படவில்லை. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது காரணம் மருந்துக்கும் கத்திக்கும் உள்ள அச்சம். வட அமெரிக்காவிலே நோவைத் தணிக்கவெனக் கொடுக்கப்பட்ட அபின் வகை மாத்திரைகளுக்கு அடிமைப்பட்டு எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்தன. அதனைக் கண்டவர்கள் மாத்திரை இல்லாத வழியை நாடுவது இயற்கை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017ஆம் ஆண்டிலே, நாரிநோவுக்கு மாத்திரைக்கு முன்பாகச் சூடு வைத்தல், உருவுதல், உடற்பயிற்சி, முள்ளந்தண்டைக் கையால் அசைத்தல் முதலியவற்றைச் செய்து பார்க்கலாம் என்று அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனமும் 2023ஆம் ஆண்டிலே, நாட்பட்ட நாரிநோவுக்கு இந்தக் கைமுறையை நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கான சான்றுகள் மிகவும் உறுதி குறைந்தவை என்றும் உடன் சொல்லிவைத்தது.

மூன்றாவது காரணம் பராமரிப்பு என்னும் எண்ணம். பல்லை ஆண்டுதோறும் பல்வைத்தியரிடம் காட்டுகிறோம், மோட்டார் வண்டிக்குக் காலந்தவறாமல் எண்ணெய் மாற்றுகிறோம், முதுகை மட்டும் ஏன் கவனியாது விடவேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்லிலே சொத்தை விழுவதைக் கண்ணாற் காணலாம். முள்ளென்பு நாள்தோறும் பிசகுகிறது, அதை மாதந்தோறும் நேராக்கினால் நோய்கள் அணுகா என்பதற்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை. அமெரிக்காவில் முதியோருக்குரிய அரசாங்கக் காப்புறுதித் திட்டம், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இவ்வைத்தியத்துக்கு இடமளித்தது. ஆயினும் குணம் காணும் நோக்கோடு செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே அது பணம் கொடுக்கிறது. உள்ள நிலையைப் பேணுவதற்கென்று செய்யும் சிகிச்சைக்கு அது பணம் கொடுப்பதில்லை.

நான்காவது காரணம் அச்சமூட்டல். இதனை நான் மறைக்க விரும்பவில்லை. தமையனார் இப்போதைய வைத்தியரிடம் வருமுன்பு வேறோர் இடத்துக்குச் சென்றிருந்தார். அங்கே முதலாம் நாளே எக்ஸ்கதிர்ப் படம் ஒன்றைச் சுவரிலே மாட்டி, இந்த வளைவை இப்பொழுதே திருத்தாவிட்டாற் பத்து ஆண்டுகளில் நடக்கமாட்டாய் என்று பயமுறுத்தி, ஓராண்டுக்குரிய பணத்தை முன்கூட்டியே கட்டச் செய்தார்களாம். நாற்பது வயதைக் கடந்தோரின் முதுகைப் படம் பிடித்தால், நோவே இல்லாதவர்களிடத்தும் தேய்வுகள் தெரிவது வழக்கம். தலை நரைப்பது போன்றது அது. அதைக் காட்டி அச்சுறுத்துவது வைத்தியம் அன்று, வாணிபம்.

அச்சுறுத்தல் ஒரு தீங்கு என்றால், அசட்டை அதனிலும் பெருந்தீங்கு. என்னோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் முதுகுநோவுக்கு எட்டு மாதமாக எண்ணெய் பூசி உருவிக்கொண்டே இருந்தார். மாலையிற் காய்ச்சல் வந்தது, உடம்பு மெலிந்தது. இரண்டையும் அவர் பொருட்படுத்தவில்லை. இறுதியில் ஒரு கால் விழுந்தபின்பே வைத்தியசாலைக்குச் சென்றார். முள்ளந்தண்டிலே காசநோய் பற்றி, ஒரு முள்ளென்பு அரிக்கப்பட்டிருந்தது. மருந்தினாற் பிழைத்தார். ஆனால் கைத்தடியின்றி நடந்தவரில்லை. ஆகவே நேயர்களே, முதுகுநோவோடு காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கால் சோர்தல், மலசலம் அடக்க முடியாமை, தொடைகளின் நடுவே விறைப்பு என்பவற்றுள் ஒன்று கண்டாலும், அல்லது விழுந்து அடிபட்டபின் நோ எழுந்தாலும், எந்தக் கைமுறைக்கும் போகாமல் முதலில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கழுத்தைச் சடுதியாகத் திருப்பியதை அடுத்து, மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாடியின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் ஏற்பட்ட சம்பவங்களும், மிக அரிதாக எனினும், மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. கழுத்தை எவரிடமும் எளிதில் ஒப்படைத்தலாகாது.

ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. அதனை எந்த ஏட்டிலும் நான் படிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் தமையனாரே சொன்னார். “அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். இந்தச் சடக்கென்ற ஒலிக்காகவா மாதந்தோறும் பணம் கொடுக்கிறீர்கள்?” என்று நான் கேட்டேன். அவர் சிறிது தூரம் பேசாமல் வந்தார். பிறகு, “உன் மச்சாள் போய் ஐந்து வருஷமாகிறது. பிள்ளைகள் தங்கள் தங்கள் வேலையில். அந்த மனுஷன் மாதத்தில் ஒருநாள் பத்து நிமிஷம் என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறீர், நித்திரை வருகிறதா என்று கேட்கிறான். முதுகிலே கை வைத்துப் பார்க்கிறான். வேறு ஆர் கேட்கிறார்கள் தம்பி?” என்றார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. சிரிக்க வந்தவன் தலைகுனிந்து நடந்தேன். நாங்களும் ஊரிலிருந்து அவரோடு பேசுகிறோம். காணியின் வேலி, கோவிற் திருவிழாவின் உபயம், மருமகளின் கலியாணச் செலவு என்று ஆயிரம் பேசியிருக்கிறோம். நித்திரை வருகிறதா என்று ஒருநாளாவது கேட்டதுண்டா என்று எண்ணிப் பார்த்தேன். கேட்டதாக நினைவில்லை. சுவீடன் நாட்டிலே, மனஞ்சோர்ந்தவர்களுக்கே ஒழுங்கான வருகையாற் பயன் மிகுந்தது என்று சொன்னேனல்லவா? அதன் பொருள் எனக்கு அந்த நடைபாதையிலேதான் விளங்கியது.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளிலே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறினார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவன் என்பன அவை. முதலிடத்தை நோயாளிக்கே கொடுத்தார். நான்காமிடத்தை அருகிருப்பவனுக்குக் கொடுத்தார். குடும்பம் சிதறி, அயலவர் முகம் தெரியாமல் வாழும் நகரங்களிலே அந்த நான்காவது உறுப்பு இல்லாமற் போய்விட்டது. மக்கள் இரண்டாவது உறுப்புக்குப் பணம் கொடுத்து நான்காவதையும் சேர்த்து வாங்க முயல்கிறார்கள். அதனை ஏளனம் செய்ய எனக்கு இனி வாய் எழாது.

ஆயினும் வாங்குகிறவர் ஏமாறாதிருக்க ஓர் உரைகல் வேண்டும். ஆசிரியன் என்ற முறையிலே எனக்குத் தெரிந்த உரைகல்லைச் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்பொழுது பூவரச மரத்திலிருந்து விழுந்து நாரி பிடித்துக்கொண்டது. வைத்தியசாலையிலே எலும்பு முறியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். தந்தையார் என்னை எங்கள் ஊர் முறிவு நெரிவு வைத்தியரிடம் தூக்கிச் சென்றார். அவர் எண்ணெய் பூசிப் புக்கை கட்டினார். மூன்றாம் முறை போனபொழுது கட்டை அவிழ்த்துவிட்டு, “இனி இங்கே வராதே. நாளைக்கு ஒழுங்கை முடியும்வரை நட. நாளையின்றைக்குச் சந்திவரை நட” என்று சொல்லி அனுப்பினார். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். ஆனால் நல்லாசிரியன் எப்படிப்பட்டவன் என்பதை அவர் அறிந்திருந்தார். மாணவன் தன்னை விட்டு நீங்கிச் செல்லும்படி கற்பிப்பவனே ஆசிரியன். என்றும் தன்னையே சார்ந்திருக்கும்படி கற்பிப்பவன் ஆசிரியனல்லன். வைத்தியருக்கும் அதே உரைகல்தான்.

நட என்று அவர் சொன்னதன் அருமையை நான் அறிந்ததும் அண்மையிலேதான். அவுஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, நாரிநோவிலிருந்து குணமடைந்த 701 பேர் பங்குபற்றினர். படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டும் முறையையும், நோவைப் பற்றிய விளக்கத்தையும் ஒரு பிரிவினருக்கு அளித்தார்கள். மற்றவர்களுக்கு நோ மீண்டும் வர 112 நாட்கள் சென்றன. நடந்தவர்களுக்கோ 208 நாட்கள் சென்றன. இவை இரு பிரிவுக்குமுரிய நடுக்கணக்கு. அந்த மருந்துக்கு வேண்டிய செலவு ஒரு சோடிச் செருப்பு.

ஆகவே கைரோபிராக்டிக் வைத்தியரிடமோ, வேறெந்தக் கைமுறை வைத்தியரிடமோ ஒழுங்காகச் செல்பவர்கள் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நான் அதிகமாக நடமாடுகிறேனா? எனக்கு நானே செய்துகொள்ளக்கூடிய பயிற்சியை இவர் கற்றுத் தந்தாரா? வருகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றால் இவர் மகிழ்கிறாரா, மிரட்டுகிறாரா? விடைகள் நல்லனவாயிருந்தால் அந்த வருகையிலே குற்றமில்லை. காதுநோ, ஈளை, குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் முதுகே காரணம் என்று எவராவது சொன்னால், லில்லார்டின் காதை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

என் தமையனாரின் வைத்தியர் இந்த உரைகல்லிலே தேறியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் எழுதிக் கொடுத்த ஐந்து பயிற்சிகள் குசினிக் கதவிலே ஒட்டப்பட்டிருக்கின்றன. இப்பொழுது தமையனார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கு செல்கிறார். நான் ஊர் திரும்பியது தொட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நமக்கு மாலையும் அவருக்குக் காலையுமான வேளையில் அவரை அழைக்கிறேன். காணி வேலியைப் பற்றிப் பின்னர்தான் பேசுவது. முதலில், “அண்ணா, நாரி எப்படி? இரவு நித்திரை வந்ததா?” என்று கேட்பது. அதன்பின் அவர் எழுந்து நடக்கப் போகிறார். அவர் நடக்கும்பொழுது நானும் இங்கே எங்கள் ஒழுங்கையில் நடக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பும் ஒருவர் இருக்கக்கூடும். இந்தப் பேச்சு முடிந்ததும் அவரிடம் சென்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மறுமொழி சொல்லி முடியும்வரை அருகிலே இருங்கள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முடியும்வரை நடந்து வாருங்கள்.